ஓர் அங்குலத்தின் கணக்கு



இந்தச் சொற்பொழிவு ஒரு கொத்தனாரின் நினைவாக நடக்கிறது. அவருடைய மகள் தம் சேமிப்பிலிருந்து இதற்கான அறக்கட்டளையை நிறுவியிருக்கிறார். பொறியாளர்கள் பெயரிலும் பேராசிரியர்கள் பெயரிலும் அமைந்த மேடைகளில் நான் பேசியதுண்டு. கொத்தனார் ஒருவர் பெயரில் பேசுவது இதுவே முதல் முறை. ஆகவே அவர் வெயிலில் நின்று வேலை செய்த மொட்டை மாடியிலேயே தொடங்குகிறேன்.

நான் வளர்ந்தது சென்னையில், ஒரு வீட்டின் மாடி போர்ஷனில். மேலே வெறும் கான்கிரீட் தளம். அடுத்த மாடி எழுப்பும் எண்ணத்தில் வீட்டுக்காரர் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். தளத்தின் மேல் சுருக்கியும் போடவில்லை, ஓடும் பதிக்கவில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தி சாய்ந்ததும் அம்மா இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவார். ஊற்றிய தண்ணீர் வடிகால் ஓட்டையை எட்டாது. போகிற வழியிலேயே காய்ந்துவிடும். சூடான சிமென்ட்டில் ஈரம் பட்ட வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வரும். அப்படியும் இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறி எங்கள் மேல் சூட்டைத்தான் இறக்கிக்கொண்டிருக்கும். வெளியே கடற்காற்று வீசும், உள்ளே வேர்த்துக் கொட்டும். வெயில் போன பிறகும் வீடு ஏன் சுடுகிறது என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

காரணம் எளியது. ஆறு அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து வர வெயிலுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அடித்த வெயில் ஆறு, ஏழு மணிக்குத்தான் அறைக்குள் வந்து சேர்கிறது. அதன் பிறகும் பல மணி நேரம் தளம் தான் குடித்ததைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மகன் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறார். அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர், மகன் வீட்டுக் கூரைப் பரணில் ஓர் அடிக்கும் மேல் கண்ணாடிப் பஞ்சு பரப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறார். “சார், நம்ம வீட்டு மாடிக்கும் அந்த அளவுக்குப் போட்டுடலாமா? எவ்வளவு போடணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். எந்தக் கம்பெனிப் பொருள், என்ன நிறம், என்ன விலை என்றுதான் பெரும்பாலும் என்னைக் கேட்பார்கள். ‘எவ்வளவு’ என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அன்று அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கையே இன்று உங்கள் முன் விரித்துச் சொல்கிறேன்.

வெப்பம் ஒரு பொருளின் வழியே எவ்வளவு பாயும் என்பதை பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் வகுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் உள்ள வெப்பநிலை வேறுபாடு கூடினால் பாய்வது கூடும். இடையில் உள்ள தடை கூடினால் குறையும். அவ்வளவுதான் அடிப்படை. மினசோட்டாவில் குளிர்கால இரவு கழித்தல் 20 டிகிரிக்குப் போகும். வீட்டுக்குள் 20 டிகிரி வேண்டும். வேறுபாடு 40. இரவு பகலாக, மாதக் கணக்கில் அந்த வீட்டிலிருந்து சூடு வெளியே ஓடப் பார்க்கிறது. ஓர் அடிப் பஞ்சு அங்கே ஆடம்பரம் இல்லை.

சென்னையில் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து அதிகம் வருவதில்லை. வெளியே 38, உள்ளே 28 என்று வைத்தால் பத்து டிகிரிதான். மீதி நேரடியாகச் சூரியனிலிருந்து வருகிறது. நாம் 13-ஆம் அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள், உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று மாணவர்களுக்குக் காட்டுகிறார்களே, அந்த நாள்தான். சூரியன் அப்படி நிற்கும்போது சுவர் தப்பிக்கும், தளம் தப்பிக்காது. படுத்திருக்கும் பரப்பின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட் அளவுக்கு வெயில் இறங்குகிறது. கறுத்துப்போன கான்கிரீட் அதில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை உள்வாங்கிக்கொள்ளும். அந்தத் தளத்தைப் பொறுத்தவரை வெளியே இருப்பது 38 டிகிரிக் காற்று இல்லை. 62 டிகிரிக் காற்று சூழ்ந்திருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. உள்ளே 28 என்றால் வேறுபாடு 34.

பாருங்கள், மினசோட்டாவின் 40-க்கு ஆறுதான் குறைவு. “அப்படியானால் ஓர் அடி போட்டுவிட வேண்டியதுதானே” என்று அந்த ஆசிரியையும் கேட்டார். ஆனால் அந்த 34 ஒரு நாளில் சில மணி நேரமே நீடிக்கிறது. இரவில் அது கவிழ்ந்துவிடுகிறது. தெளிந்த வானத்தை நோக்கித் தளம் தன் சூட்டை விடத் தொடங்குகிறது. இரண்டாவதாக, அந்த 34-இல் பெரும் பகுதி வெயிலால் வந்தது. வெயிலைத் திருப்பி அனுப்ப முடியும். குளிரைத் திருப்பி அனுப்ப மினசோட்டாக்காரருக்கு வழியில்லை.

இனித் தடையின் கணக்கு. இது கடினமே இல்லை. எட்டாம் வகுப்பு வகுத்தல் தெரிந்தால் போதும். ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும் மீட்டரில் எடுத்து, அந்தப் பொருளின் கடத்துதிறனால் வகுத்தால் அதன் வெப்பத் தடை கிடைக்கும். கான்கிரீட்டின் கடத்துதிறன் 1.58. ஆறு அங்குலம் என்றால் 0.15 மீட்டர், வகுத்தால் 0.095. தளத்தின் மேலும் கீழும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களும் கொஞ்சம் தடுக்கின்றன: மேலே 0.04, கீழே 0.17. மொத்தம் 0.305. ஒன்றை இதனால் வகுத்தால் 3.3 வருகிறது. இதுதான் யு மதிப்பு: ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே பாயும் வாட். கவனியுங்கள், ஆறு அங்குலக் கான்கிரீட் தருவதைவிட அதன் அடியில் ஒட்டியிருக்கும் காற்று அதிகத் தடை தருகிறது. நாம் ‘கெட்டியான தளம்’ என்று நம்பியிருப்பது வெப்பத்துக்குக் கிட்டத்தட்டத் திறந்த கதவு.

தெர்மாகோலின் கடத்துதிறன் 0.035. ஓர் அங்குலத் தெர்மாகோல் 45 அங்குலக் கான்கிரீட்டுக்குச் சமம். ஏறக்குறைய நாலடித் தளம்.

500 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் தளம் வழியாக, மிக மோசமான அந்த மணி நேரத்தில், சுமார் 5200 வாட் உள்ளே இறங்கும். ஒன்றரை டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் இறைக்கும் அளவு அது. ஓர் அங்குலத் தெர்மாகோல் போட்டால் 1550 வாட் ஆகிவிடுகிறது. முதல் அங்குலம் 3650 வாட்டைத் தடுத்துவிட்டது. இரண்டாவது அங்குலம் போட்டால் 920. அது தடுத்தது 630 மட்டும். மூன்றாவது அங்குலம் 270-ஐத் தடுக்கும், நான்காவது 150-ஐ. நான்கு அங்குலத்துக்கும் விலை ஒன்றேதான்; வேலை ஒன்றில்லை. இந்த எண்கள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே. உச்ச மணியின் கணக்கை 24-ஆல் பெருக்கி மின் கட்டணம் போட்டுவிடக் கூடாது. நாள் முழுவதற்குமான சராசரி இதில் சிறு பங்குதான்.

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன். அதே வெறும் தளத்தின் மேல் வெள்ளை அடித்தால் உள்வாங்கும் வெயில் 70 விழுக்காட்டிலிருந்து 25-க்கு இறங்கும். 34 டிகிரி வேறுபாடு 16 ஆகிவிடும். ஓர் அங்குலம்கூடப் போடாமல் 5200 வாட், சுமார் 2400 ஆகிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். மாடியில் ஒரு கட்டில் அளவு இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டு, சித்திரை மாதம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு போய் நில்லுங்கள். வெள்ளைக்கு வெளியே கால் ஒரு நொடி நிற்காது. துள்ளித் துள்ளித்தான் போக வேண்டும். வெள்ளையின் மேல் நின்று பேசலாம். என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தைக் காலால்தான் நடத்தியிருக்கிறேன்.

வெள்ளை அடித்த பிறகு ஓர் அங்குலம் போட்டால் 2400 வாட் 730 ஆகும். இரண்டாவது அங்குலம் அதிலிருந்து இன்னும் 300-ஐக் குறைக்கும். அந்த 300 வாட் சூட்டை ஏசி வெளியே தள்ளச் செலவழிக்கும் மின்சாரம் 85 வாட் போல இருக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதுகூட ஒரு பழைய மின்விசிறி ஓடுகிற அளவு. அதற்காக இரண்டாவது அங்குலத்துக்குக் காசு போட வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். அந்த ஆசிரியைக்கு நான் வேண்டாம் என்றேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் தளம் 3.3. ஓர் அங்குலம் போட்டால் 0.98. விதியின் எல்லை முதல் அங்குலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது; சரியாகச் சொன்னால் 19 மில்லிமீட்டர் போதும். நாடு கேட்பது இவ்வளவுதான். இந்தச் சிறிய வேண்டுகோளைக்கூட நிறைவேற்றாத அடுக்குமாடிகள் இன்றும் எழும்புகின்றன. அவற்றின் கடைசி மாடியில் குடியேறும் குடும்பம் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அதன் விலையை மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

நம் கொத்தனார்கள் போட்டுவந்த சுருக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் வீடுகள் குளிர்ச்சியாக இருந்தனவே, அதற்கு இந்தச் சுருக்கிதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு அங்குலச் சுருக்கி தரும் தடை 0.137, அரை சென்டிமீட்டர் தெர்மாகோலுக்குத்தான் ஈடு. இது அந்த வேலைக்கு இழிவு இல்லை. சுருக்கியின் முதல் கடமை மழைத் தண்ணீரைச் சரிவில் ஓட்டிவிடுவது, தளத்தை வெயிலிலிருந்தும் வெடிப்பிலிருந்தும் காப்பது. அதை அது நூறாண்டு செய்தது. பழைய வீடு குளிர்ந்ததற்கு உயரமான கூரை, அதன் கீழ் சூடான காற்று வெளியேற வைத்த வென்டிலேட்டர், கனத்த சுவர், நடு முற்றம் எல்லாம் சேர்ந்து காரணம். ஒன்பதரை அடி உயரத்தில் தளம் போட்டுவிட்டு சுருக்கியை மட்டும் நம்புவது அந்தப் பழைய அறிவைப் பாதியில் நிறுத்திவிடுவதாகும்.

வெப்பக் காப்பை எங்கே போடுவது என்பதில் நான் தவறு செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்துக்குத் தளத்தின் அடியில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தெர்மாகோல் வைக்கச் சொன்னேன். அறை குளிர்ந்தது, அவர்களும் மகிழ்ந்தார்கள். ஆனால் கீழே இறங்க வழியில்லாத சூடு முழுவதையும் தளமே சுமந்தது. பகலில் விரிந்தது, இரவில் சுருங்கியது. சுவரின் மேல் தளம் உட்காரும் இடத்தில் முடி அளவு விரிசல் விழுந்தது. ஐப்பசி மழையில் அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, சீலிங் பலகை உப்பி, ஒரு நாள் இரவு அவர்கள் கட்டில்மேல் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பலகையில் படிந்திருந்த பழுப்பு நிறக் கறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து, முடிந்த இடத்திலெல்லாம் காப்பைத் தளத்தின் மேலேயே போடச் சொல்கிறேன். முதலில் நீர்க்காப்பு, அதன் மேல் மிதித்தால் அமுங்காத கெட்டிப் பலகை, அதன் மேல் சரிவு கொடுத்த சிமென்ட் பூச்சு, கடைசியாக வெள்ளை ஓடு. காப்பும் நனையக் கூடாது. தண்ணீர் புகுந்த காப்பு காப்பாக இருப்பதில்லை.

இன்னொன்று. பத்தில் ஒரு பங்கு இடத்தை விட்டுவிட்டுப் போட்டால் என்ன ஆகும்? கைப்பிடிச் சுவர் ஓரம், குழாய் போகும் இடம், சோலார் பலகையின் கால் நிற்கும் இடம் என்று விட்டுவிடுவார்கள். ‘கொஞ்சம்தானே’ என்பார்கள். நான்கு அங்குலக் காப்பின் யு மதிப்பு 0.32. பத்தில் ஒரு பங்கு வெறும் தளமாக விட்டால் சராசரி 0.61 ஆகிவிடும். இரண்டு அங்குலத்தை ஓரம்வரை முழுதாகப் போட்டால் 0.58. ஆக, பாதிப் பொருளை ஒழுங்காகப் போட்டவர் வீடு, இரண்டு மடங்கு வாங்கி ஓரத்தை விட்டவர் வீட்டைவிடக் குளிர்ச்சி. தடிமன் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. ஓரம் கொத்தனார் கையில் இருக்கிறது. யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவருடைய தொழில் எவ்வளவு பெறும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு இரண்டை ஒட்டி வரும். நம் ஊரில் கவலைப்பட வேண்டியது மேற்குச் சுவர் ஒன்றுதான். அதற்குப் பலகை ஒட்டுவதைவிட ஒரு வேப்ப மரம் நல்லது. புதிதாகக் கட்டுகிறவர்கள் காற்றறைகள் நிறைந்த ஏஏசி கல்லை எடுத்தால் சுவருக்கென்று தனியாக எதுவும் வேண்டாம்.

ஏசி இல்லாத வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் மக்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். காப்பு இரண்டு பக்கமும் தடுக்கும். பகல் வெயிலைத் தடுக்கும் அதே பலகை, இரவில் அடுப்பின் சூடும் ஆட்களின் சூடும் கூரை வழியாக வானத்துக்குப் போவதையும் தடுக்கிறது. வெள்ளை அப்படியில்லை. பகலில் வெயிலைத் திருப்பும். இரவில் தளத்தின் சூட்டைத் தாராளமாக வானத்துக்கு விட்டுவிடும். ஆகவே ஏசி இல்லாத வீட்டில் முதல் ரூபாய் சுண்ணாம்புக்குப் போக வேண்டும், இரண்டாவது ரூபாய் எதிரெதிர் ஜன்னல்களுக்கு. ஓர் அங்குலம் அதற்கும் பிறகுதான். தூசி படிந்தால் வெள்ளையின் வேலை குறையும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவி மறுபடி அடிக்க வேண்டும்.

எல்லோருக்கும் கான்கிரீட் தளமும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் தடிமன் ஆறு மில்லிமீட்டர். அதன் யு மதிப்பு நான்கைத் தாண்டும். சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல விடும் கனமும் அதற்கு இல்லை. பன்னிரண்டு மணி வெயில் பன்னிரண்டு மணிக்கே தொட்டிலில் கிடக்கும் குழந்தைமேல் விழுகிறது. அந்த வீட்டில் சுண்ணாம்பு செய்யும் வேலையை வேறெதுவும் அவ்வளவு மலிவாகச் செய்யாது.

இந்தக் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே ஷீட் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. வரும்போது பார்த்துக்கொண்டே வந்தேன். முதல்வர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற பங்குனி முடிவதற்குள், அந்த வீட்டுக்காரர்கள் சம்மதித்தால், மாணவர்களோடு சேர்ந்து அந்தக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கலாம். நீற்றிய சுண்ணாம்பு, அதில் கலக்கக் கொஞ்சம் பசை, நீளக் கழியில் கட்டிய பிரஷ், நல்ல ஏணி. ஷீட்டின் மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது, உடைந்துவிடும். பழைய ஷீட்டைச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, ஏணியில் நின்றபடி இரண்டு கோட் அடித்தால் போதும். நான் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன். எட்டரைக்குள் முதல் கோட் முடிந்தால்தான் வெயிலுக்கு முன் காயும்.